ஓதப்போன பிள்ளைகள்

பொன்விழா மலருக்கு நம் சங்கத்தின் மாலை மதரஸாவைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். கடை வைத்திருக்கும் எங்களிடம் கணக்கு கேட்கலாம், வரலாறு கேட்கலாமா என்று முதலில் தயங்கினோம். பெரியவர்கள் பலர் எழுத மறுத்ததால்தான் இந்தப் பொறுப்பு எங்களிடம் வந்தது என்பது பின்னால் தெரிந்தது. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு கிள்ளானில் துணி வியாபாரம் செய்கிற, முப்பதுகளில் இருக்கிற தலைமுறையின் கட்டுரை இது. பிழையிருந்தால் பெரியோர் பொறுத்துக்கொள்வார்களாக.

எழுத உட்காருமுன் சங்கத்து இரும்பு அலமாரியைத் திறந்து பார்த்தோம். ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் மதரஸாவின் வருகைப் பதிவேடுகள் இருந்தன. ஆரம்ப ஆண்டுகளின் பதிவேட்டில் ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள், தகப்பனார் பெயர், கடை முகவரி. பிறகு வந்தவை மெலிந்துகொண்டே போகின்றன. கடைசிப் பதிவேட்டில் மார்ச் 2020-க்குப் பிறகு கோடு போட்ட வெறும் தாள்கள்தான். அந்த வெறும் தாள்களைப் பற்றித்தான் சென்ற பொதுக்குழுவில் ஒன்றரை மணி நேரம் சத்தம் போட்டுக்கொண்டோம். வகுப்பை மலாய் மொழியில் நடத்தலாமா, தமிழிலேயே தொடரலாமா, அல்லது அரசாங்கமே சொல்லிக்கொடுக்கும்போது நமக்கு வகுப்பே தேவையா என்ற மூன்று கேள்விகளுக்கும் அன்று முடிவு வரவில்லை. நம் பிள்ளைகள் இந்த நாட்டில் மார்க்கத்தை எப்படிப் பெற்றார்கள் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் அந்தச் சத்தத்தின் காரணமாவது விளங்கும்.

கோலாலம்பூரில் நம்மவர்களின் முதல் பள்ளிவாசலான மஸ்ஜித் இந்தியா 1863-இல் மரக்கட்டிடமாக எழுந்தது. கட்டியவர்கள் வியாபாரிகள். பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனி ஆளாக வந்தவர்கள். மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் போய்த் திரும்புவார்கள். பிள்ளைகள் இராமநாதபுரத்துக் கடற்கரையிலும் தஞ்சைச் சீமையிலும் கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலும் வளர்ந்தார்கள். ஓதக் கொடுப்பதும் கத்தம் முடித்து மிட்டாய் பங்கு வைப்பதும் சுன்னத்துக் கல்யாணமும் எல்லாம் அங்கே. இங்கே பள்ளிவாசல் இருந்தது, இமாம் இருந்தார், ஆனால் ஓதுவதற்குப் பிள்ளை இல்லை. அந்தக் காலத்தில் இது ஆண்களின் மார்க்கமாக, கடை மூடிய பிறகு நினைவுக்கு வரும் மார்க்கமாக இருந்திருக்கிறது.

வந்த பிள்ளைகள் கடைப் பையன்கள்தான். 1926 முதல் ஓடிய ரஜூலா கப்பலில் மெட்ராஸிலோ நாகப்பட்டினத்திலோ ஏறி, பினாங்கிலோ போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலோ இறங்கிய பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள். எங்கள் நன்னா (அத்தாவின் தகப்பனார்) அப்படி வந்தவர்தான். பகலில் எடுபிடி, இரவில் மேசைக்குக் கீழே பாய். முதலாளி சுபுஹுக்கு எழுந்தால் பையனும் எழ வேண்டும். முதலாளி தொழாதவராக இருந்தால் பையனும் அப்படியே. அந்தக் காலத்து இளைஞர்கள் எல்லாரும் பக்திமான்கள் என்று நாம் மேடையில் பேசுவதுண்டு. நன்னா அதைக் கேட்டால் சிரிப்பார். சம்பள நாளில் பையன்கள் ஓடியது சினிமாக் கொட்டகைக்குத்தான் என்பார். ஆனால் ஒன்று சொல்வார்: நோன்பு மாதத்தில் மஸ்ஜித் இந்தியாவில் கஞ்சி வாங்க வரிசையில் நிற்கும்போதுதான் தாய் முகம் நினைவு வரும், அன்றைக்கு இரவு தராவீஹ் இருபது ரக்அத்தும் விடாமல் தொழுவோம் என்று. வீட்டை விட்டு வந்த பையனுக்கு மார்க்கம் என்பது வீட்டு வாசனையாக இருந்தது. எங்கள் பிள்ளைகள் வீட்டில் இருந்துகொண்டே அந்த வாசனையைத் தேட வேண்டியிருக்கிறது.

அந்த நாட்களில் ஊரிலிருந்து வந்த கடிதங்களில் பாதி அரபுத்தமிழில் இருக்கும். தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை அது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். கடற்கரை ஊர்களில் பெண்பிள்ளைகள் ஓதப்பள்ளியில் அலிஃப் கற்றதோடு அரபுத்தமிழும் கற்றுவிடுவார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடம் போகாத தாய்மார்களும் இதில் மார்க்க நூல்களைப் படித்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் எனப்பட்ட இமாமுல் அரூஸ் அவர்களின் ‘மகானீ’ போன்ற நூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த எழுத்தில்தான் வீடுகளுக்குள் வந்தன. மலாய்க்காரர்கள் ஜாவி எழுத்தில் செய்ததும் இதையேதான்: ச, ங, ப, க, ஞ ஒலிகளுக்குத் தனி எழுத்து செய்துகொண்டார்கள். இரண்டு கரைகளில் இரண்டு சமூகங்கள், ஒருவரையொருவர் கேட்காமலே, தங்கள் பிள்ளைகளுக்கு ஒரே வேலையைச் செய்து வைத்திருக்கின்றன. இதை இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பங்கள் இங்கேயே தங்கத் தொடங்கியது மெர்டேக்காவை ஒட்டித்தான் மிகுந்தது. 1957-க்குப் பிறகு குடியுரிமை எடுத்தவர்கள் மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள். எடுக்காதவர்களை 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிடித்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் தேவை என்றானதும் 1969-இலும் அடுத்த ஆண்டுகளிலும் எத்தனையோ பேர் கடையை விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். தங்கியவர்கள், ‘இனி இதுதான் ஊர்’ என்று தீர்மானித்தவர்கள். நம் சங்கம் அந்தத் தீர்மானத்தின் பிள்ளை. 1970களில் சங்கம் தொடங்கியவர்கள் முதலில் கேட்டது மையித்து நிதியும், அதற்கு அடுத்து ஓதப்பள்ளியும் என்று பழைய நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது. சாவுக்கும் பிள்ளைக்கும் ஏற்பாடு செய்துவிட்டால் ஒரு ஊர் ஆகிவிடும் அல்லவா.

மாலை மதரஸா ஒரு கடையின் மாடியில் நடந்தது. கீழே மசாலா மூட்டைகள். மேலே ஏறும்போதே மல்லி, மிளகாய் நெடியில் தும்மல் வரும். அஸருக்குப் பிறகு மஃரிப் வரை ஆண்பிள்ளைகள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம், நடுவே திரை. ஓதிக்கொடுத்த ஹஜ்ரத்மார்கள் தமிழ்நாட்டு மதரஸாக்களில் பட்டம் பெற்றவர்கள். வேலூர் பாக்கியாத்தில் படித்த பாகவிகள் வந்திருக்கிறார்கள், லால்பேட்டை மன்பஈகள் வந்திருக்கிறார்கள். ‘அலிஃப் ஜபர் அ, ஜேர் இ, பேஷ் உ’ என்று கூட்டாகக் கத்துவோம். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அத்தாமார்கள், “கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க ஹஜ்ரத்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சில ஹஜ்ரத்மார் அதை உபசாரப் பேச்சாக எடுத்துக்கொண்டார்கள், ஒருவர் அப்படியே எடுத்துக்கொண்டார். அவர் கையில் அடி வாங்கியவர்களில் இன்றைக்கும் பள்ளிவாசல் படி ஏறாத ஒருவர் எங்கள் வயதுக்காரர். குர்ஆனைத் திறந்தால் உள்ளங்கை கூசுகிறது என்று ஒருமுறை எங்களிடம் சொன்னார். ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்தில் கண்டியுங்கள் என்ற நபிமொழியை நாம் எல்லோரும் சொல்கிறோம். ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் மூன்று ஆண்டுகள் பொறுமை இருக்கிறது என்பதை அந்த மாடியில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வரலாற்றுக் கட்டுரையில் இதை எழுதலாமா என்று யோசித்தோம். எழுதாமல் விட்டால் பதிவேடு ஏன் மெலிந்தது என்பதில் கால்வாசி விளங்காமல் போகும்.

மற்ற முக்கால்வாசி பள்ளிக்கூடத்தில் நடந்தது.

1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, உதவி பெறும் ஒரு பள்ளியில் பதினைந்து முஸ்லிம் மாணவர்கள் இருந்தால் அவர்களுக்கு வாரம் இரண்டு மணி நேரமாவது இஸ்லாமியக் கல்வி தர வேண்டும். 1996-ஆம் ஆண்டுச் சட்டம் பதினைந்தை ஐந்தாகக் குறைத்தது. அதே சட்டங்களில் இன்னொரு பதினைந்தும் உண்டு. பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், முடிந்த இடத்தில் தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டும் என்ற பிரிவு அது. மார்க்கத்துக்கு ஐந்து பிள்ளை போதும், தமிழுக்குப் பதினைந்து வேண்டும். கேட்காமலே வருவது ஒன்று, கேட்டு வாங்க வேண்டியது மற்றொன்று. தேசியப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளுக்கு மார்க்கம் மலாயில் வந்ததற்கும், தமிழ் வராமல் போனதற்கும் இதைவிட நல்ல விளக்கம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அரசாங்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. மார்க்கக் கல்விக்கு நாடே பொறுப்பேற்றுக்கொள்வது எத்தனை சிறுபான்மை முஸ்லிம்களுக்குக் கிடைக்கிறது? அந்தப் பதினைந்து கையெழுத்தை எத்தனை பள்ளிகளில் நாம் திரட்டினோம் என்று நம்மைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பலாமே என்றால், அங்கே முஸ்லிம் பிள்ளைகள் ஓரிருவராக இருந்து உஸ்தாத் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்திலேயே எல்லோரும் அனுப்பாததால் அங்கே நம் பிள்ளைகள் எப்போதும் ஓரிருவராகவே இருந்தார்கள்.

1990-இல் காஃபா வகுப்புகள் வந்தன. குர்ஆனும் ஃபர்ளு ஐனும் பாடத்திட்டத்தோடு, தேர்வோடு. 2005-இல் தொடக்கப் பள்ளிகளில் ஜே-காஃப் திட்டம் சேர்ந்தது. ஜாவி, குர்ஆன், அரபு, ஃபர்ளு ஐன் எல்லாம் பள்ளி நேரத்திலேயே. எழுத்துக் கூட்டும் முறையும் மாறிவிட்டது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அஸ்அத் ஹுமாம் என்பவர் ஆக்கிய இக்ரா நூல்கள், மொத்தம் ஆறு பாகம், 1990களில் இங்கே பரவின. ஜபரும் ஜேரும் சொல்லி இழுக்காமல் நேரே ‘அ, ப, த’ என்று வாசிக்கும் முறை. பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் மாடி வகுப்பில் ஓராண்டு பிடித்த பாடம் பள்ளியில் சில மாதங்களில் முடிந்தது. மதியம் வரை பள்ளி, பிறகு காஃபா, பிறகு டியூஷன். இதற்கு மேல் மாலையில் மசாலா மாடிக்கு ஏறு என்றால் எந்தப் பிள்ளை ஏறும்? சிலாங்கூரிலும் கூட்டரசுப் பிரதேசத்திலும் மார்க்கம் கற்பிக்க அதிகாரிகளின் தவுலியா அனுமதி வேண்டும் என்பதால், ஊரிலிருந்து ஹஜ்ரத்தை அழைத்துவந்து உட்கார வைப்பதும் முன்போல எளிதாக இல்லை. 1985-இல் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்து நின்றபோது ஊரோடு இருந்த ஒரு கயிறு அறுந்தது போலிருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் தலைமுறைக்கு அறுந்தது இந்தக் கயிறு.

மொழி ஒரு பக்கம் இருக்க, மத்ஹபு இன்னொரு பக்கம். வெளியாருக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். பிள்ளைக்கு அப்படியல்ல. கடற்கரை ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ, உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனஃபி. மலேசியாவில் பாடத்திட்டம் ஷாஃபிஈ. எங்கள் வீட்டில் அத்தா பக்கம் தஞ்சை ராவுத்தர், அம்மா பக்கம் இராமநாதபுரத்துக் கடற்கரை. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே சண்டையில்லாமல் தொழுதுகொண்டிருந்தன. சுபுஹில் உம்மம்மா குனூத் ஓதுவார், நன்னா ஓதமாட்டார். நன்னா வித்ரில் ஓதுவார். ருகூவுக்குப் போகும்போது ஒருவர் கையை உயர்த்துவார், மற்றவர் உயர்த்தமாட்டார். யாரும் யாரையும் கேட்டதில்லை.

நாங்கள் ஒன்பது வயதில் கேட்டோம். பள்ளியில் உஸ்தாத் சுபுஹுத் தொழுகையைச் செய்துகாட்டி, குனூத்தை மறந்துவிட்டால் ஸஜ்தா ஸஹ்வு செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஷாஃபிஈ சட்டப்படி அது சரியான பாடம். உலகத்தில் வேறு மத்ஹபும் உண்டு என்று ஒரு வாக்கியம் அன்றைய பாடத்தில் இல்லை. மறுநாள் அதிகாலை நன்னா ஸலாம் கொடுத்ததும், “நன்னா, நீங்க குனூத் ஓதல. ஸஜ்தா ஸஹ்வும் செய்யல. உங்க தொழுகை சரியில்ல, உஸ்தாத் சொன்னாரு” என்றோம். அதையும் மலாயில் சொன்னோம். மார்க்கத்தைப் பற்றிய பேச்சு அந்த வயதில் எங்களுக்கு மலாயில்தான் வந்தது. நன்னா ஒன்றும் சொல்லவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த நாளிலிருந்து சுபுஹுக்கு எங்களை எழுப்புவதை நிறுத்திவிட்டார்.

அவர் மௌத்தான பிறகு, பாலிடெக்னிக் நாட்களில்தான் நான்கு மத்ஹபுகளைப் பற்றிய ஒரு புத்தகத்தைப் படித்தோம். ஹனஃபிகள் சுபுஹில் ஏன் குனூத் ஓதுவதில்லை என்பதற்கு அதில் ஒரு பக்கம் இருந்தது. அந்த ஒரு பக்கத்தை அந்த வயதில் யாராவது, எந்த மொழியிலாவது, சொல்லியிருக்கலாம். மாலை மதரஸாவின் வேலை அதுதானே என்று இன்று தோன்றுகிறது. குர்ஆன் எழுத்தைப் பள்ளிக்கூடம் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறது. உன் நன்னா தொழுததும் தொழுகைதான் என்று சொல்ல வேண்டியவர்கள் நாம்.

இளவயது வந்ததும் பிள்ளைகள் இன்னும் தூரமாகப் போனார்கள். எல்லோரும் மார்க்கத்தை விட்டுப் போனார்கள் என்று அர்த்தமில்லை. பலர் மார்க்கத்துக்குள்ளேயே தூரமாகப் போனார்கள். 1970களில் நாடு முழுவதும் மாணவர்களிடையே தக்வா எழுச்சி வந்தது. 1971-இல் அபிம் என்னும் இளைஞர் இயக்கம் தொடங்கியது. பல்கலைக்கழகப் பெண்கள் பெற்றோர் அணியாத தூடோங்கை அணிந்தார்கள். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும் அப்படியே. அம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்வார், பெத்தம்மாவுக்கு வெள்ளைத் துப்பட்டி, மகள் கழுத்து வரை ஊசி குத்திய தூடோங். “நாங்க மட்டும் காஃபிரா?” என்று ஒரு பெத்தம்மா கேட்ட கேள்வி எங்கள் தெருவில் நகைச்சுவையாக உலவியது. அவருக்கு அது நகைச்சுவையாக இருந்ததா என்பது வேறு.

ஆண்பிள்ளைகளில் பலரை தப்லீக் ஜமாஅத் இழுத்தது. இந்த நாட்டுக்கு அது 1950களில் இந்திய முஸ்லிம்கள் மூலமாகவே வந்தது. பிறகு ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசல் அதன் மையமானது. மூன்று நாள், நாற்பது நாள் என்று படுக்கையைக் கட்டிக்கொண்டு கிளம்பிய அண்ணன்மார்கள் பலர், கடையில் சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள், திரும்பி வரும்போது அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார்கள். இன்னொரு பக்கம் தமிழ்நாட்டிலிருந்து தவ்ஹீத் பிரச்சாரக் கேசட்டுகள் வந்தன. மவ்லிது ஓதலாமா, தராவீஹ் எட்டா இருபதா என்று பள்ளிவாசல் முற்றத்தில் வாக்குவாதம். சத்தம் தாங்க முடியாதபோது யாராவது நாகூர் ஹனிபா பாட்டை உரக்கப் போட்டுவிடுவார்கள். 1996-இல் ரைஹான் குழுவின் நஷீத் கேசட் வந்தபோது பிள்ளைகள் அதற்குத் தாவினார்கள். கேசட்டை வைத்தே தலைமுறையைச் சொல்லிவிடலாம்.

பாலிடெக்னிக் விடுதியில் எங்களுக்கு மலாய் நண்பர்களோடு ‘உஸ்ரா’ வட்டம் இருந்தது. வாரம் ஒரு இரவு வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். அங்கேதான் முதன்முதலில் மார்க்கத்தைப் பற்றிப் பயமில்லாமல் கேள்வி கேட்டோம். அவர்கள் அன்பானவர்கள். ஆனால் ஒருநாள் ஒரு நண்பர் எங்களைப் புதிதாக அறிமுகம் செய்தபோது, “இவர் எப்போது இஸ்லாத்துக்கு வந்தார்?” என்று மற்றவர் கேட்டார். முகத்தைப் பார்த்துக் கேட்டார், கெட்ட எண்ணம் இல்லை. நம் முன்னோர்கள் நூற்றாண்டுகளாக முஸ்லிம்கள், உமறுப் புலவரின் சீறாப்புராணம் பாடப்பட்டு முந்நூறு ஆண்டுக்கு மேலாகிறது என்று சொல்ல எண்ணினோம். சொன்னால் கேட்பார்கள். ஆனால் சீறாப்புராணத்தில் ஒரு பாட்டாவது தெரியுமா என்று அடுத்துக் கேட்டால்? அந்தப் பயத்தில் வாய் திறக்கவில்லை.

நாட்டின் அரசியலமைப்பு 160-ஆம் பிரிவில் மலாய்க்காரர் என்றால் இஸ்லாத்தைப் பின்பற்றி, மலாய் மொழியை வழக்கமாகப் பேசி, மலாய்ப் பழக்கவழக்கத்தைக் கடைப்பிடிப்பவர் என்று வரையறை இருக்கிறது. பதினாறு வயதில் நம் பிள்ளை இதைப் படிக்கும்போது தன்னைத்தானே எடைபோட்டுப் பார்க்கிறது. முதல் இரண்டும் இருக்கிறது, மூன்றாவது பாதி இருக்கிறது. வெளியே சிலர் ‘மாமாக்’ என்கிறார்கள், தமிழ் நண்பர்கள் ‘பாய்’ என்கிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் எளிது. கோயில், விகாரை, தேவாலயம், மதரஸத்துல் கௌதிய்யா எல்லாம் நடைதூரத்தில் இருக்கும் பேட்டை அது. யாரும் யாரையும் பார்த்து வியப்பதில்லை. புதிய தாமான்களில் தனித்தனி வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்குத்தான் தான் யார் என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. சிலர் அலுத்துப்போய் விளக்குவதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி எங்களுக்கு மனம் வரவில்லை.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள்? சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இலேயே உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. 1960-இல் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. 1982-இல் மாணவர் இல்லாமல் மூடினார்கள். பெயர் மட்டும் இன்று அங்கே தமிழ் மொழி நிலையத்தில் வாழ்கிறது. இலங்கையில் நிலைமை வேறு. அங்கே தமிழ்மொழிப் பள்ளியில் படிக்கும் முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம் பாடப் புத்தகமே தமிழில் அரசாங்கம் அச்சிட்டுத் தருகிறது. மார்க்கத்துக்கு ஒரு மொழி, உம்மாவுக்கு ஒரு மொழி என்று அந்தப் பிள்ளை பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. அவர்களுக்கு வேறு துன்பங்கள் உண்டு, இந்தத் துன்பம் இல்லை.

பொதுக்குழுவுக்கு வருவோம். மஸ்ஜித் இந்தியாவில் இன்றும் ஜும்ஆ பயான் தமிழில் நடக்கிறது. அதைப் பெருமையாகச் சொல்லி, நம் வகுப்பும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று ஒரு பெரியவர் பேசி முடித்தார். பின்வரிசையில் தகப்பனாரோடு வந்திருந்த ஒரு பதினான்கு வயதுப் பையன் எழுந்தான். “தமிழ் பயான் எனக்குப் பாதி புரியல. புரியாட்டி தூங்குறேன். மலாய் குத்பா புரியுது, ஆனா அது படிச்சுட்டுப் போயிடுறாங்க, யாரும் என்கிட்ட பேசுற மாதிரி இல்ல. என்கிட்ட யாராவது பேசினா எந்த மொழின்னாலும் கேட்பேன்” என்றான். மண்டபத்தில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒருவர், பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசலாமா என்று கண்டித்தார். பையன் உட்கார்ந்துவிட்டான். அவன் குறுக்கே பேசவில்லை, கை தூக்கி அனுமதி வாங்கித்தான் பேசினான் என்பதை இந்த மலரில் பதிவு செய்கிறோம்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிவாசல்கள் மூடியபோது வகுப்பும் நின்றது. அந்த ரமளானில் வீட்டிலேயே தராவீஹ் தொழுதோம். பல வீடுகளில் முதன்முறையாகப் பிள்ளைகள் இமாமாக நின்றார்கள். ஓதல் திருத்தமாக இருப்பது அவர்களுக்குத்தான் என்பதால், தாத்தாமார் பின்னால் நின்றார்கள். எங்கள் அண்ணன் மகன் அப்படி நின்றவன். தொழுது முடித்து துஆவுக்குக் கை ஏந்தினான், நின்றுவிட்டான். அரபு துஆ ஒன்றிரண்டு ஓதினான், மலாயில் ஒன்று சொன்னான். திரும்பி, “சாச்சா, உம்மம்மாவுக்கு ஆமீன் சொல்லப் புரியணும்ல, தமிழ்ல எப்படிக் கேட்கிறது?” என்றான். சொர்க்கம் என்று தொடங்கு என்றோம். ‘ஷுர்கா’வா என்றான். ஆமாம், அதுவேதான். மலாயில் ஷுர்கா, நெராக்கா என்று அவன் படிப்பதும் நாம் சுவர்க்கம், நரகம் என்பதும் ஒரே வடமொழிச் சொற்களிலிருந்து வந்தவை. பஹாலா என்பதும் நம் பலன்தான். நோன்புக்கு அவர்கள் சொல்லும் புவாசா, உபவாசத்திலிருந்து வந்தது. தமிழன் பழைய தமிழ்ச் சொல்லான நோன்பை எடுத்துக்கொண்டான். அன்றிரவு இதை அவனுக்குச் சொன்னபோது, இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்று கோபித்துக்கொண்டான்.

சங்கம் இப்போது சனிக்கிழமை காலையில் சோதனையாக ஒரு வகுப்பு நடத்துகிறது. ஓதல் பள்ளிக்கூடத்தில் கற்றதே போதும் என்று விட்டுவிட்டோம். தவுலியா உள்ள உள்ளூர் ஆலிம் ஒருவர் வருகிறார், தமிழும் மலாயும் கலந்து பேசுகிறார். பிள்ளைகள் கேள்வி எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்து வர வேண்டும் என்பது மட்டும் விதி. எத்தனை நாள் நடக்கும் என்று தெரியாது. பொதுக்குழு இன்னும் ஒப்புதல் தரவில்லை.

சென்ற வாரம் அண்ணன் மகனின் தங்கை, மூன்றாம் ஆண்டு படிக்கிறவள், உம்மம்மாவோடு வந்தாள். உம்மம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், மலாய் படிக்கவே தெரியாது, சந்தையில் பேசுவார். பிள்ளை ஜாவிப் பயிற்சி நோட்டை விரித்து வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். உம்மம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் தொட்டு, எழுத்து எழுத்தாக வாசிக்கத் தொடங்கினார். சிறுமியாக இருந்தபோது ஓதப்பள்ளியில் அரபுத்தமிழ் கற்றவர் அவர். பிள்ளை வாயைத் திறந்தபடி பார்த்தாள். “பெத்தா, உங்களுக்கு ஜாவி தெரியுமா?” என்றாள். உம்மம்மா இரண்டாவது வரியில் தடுக்கி நின்று, “எழுத்தெல்லாம் நம்ம எழுத்துதான்டி, ஜபரு ஜேரு போடாம எழுதி வச்சிருக்கே, எப்படிப் படிக்கிறது?” என்று அதட்டினார். பிள்ளை பென்சிலைச் சீவிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தின் மேலும் கீழும் கோடு போட ஆரம்பித்தாள்.